கட்டளை வரியில் ஓர் ஊர்ப்பெயர்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் ஜிஎஸ்டி சாலையில் அமைந்துள்ளது சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட நரசிம்மர் கோவிலே இவ்வூருக்குப் பெயரைத் தந்தது. இன்று இவ்வூரைப் பலரும் அறிவது வேறொரு காரணத்தால். இங்கிருந்து பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடைகிறது. அச்சாலையின் இருமருங்கிலும் மகிழுந்து, சரக்குந்து, மின்னணுக் கருவி ஆகியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. காலை, மாலை, இரவு என மூன்று முறைப்பணிக்கும் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் இச்சாலையில் ஓய்வதேயில்லை.

அப்பேருந்துகளுக்கு வழித்தடம் காட்டும் சிறு நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். நிரலின் பெயர் ‘வழி’. புறப்படும் ஊர், சேரும் ஊர் ஆகிய இரண்டையும் பெற்று அது தடத்தைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் இயக்க அமைப்பின் முனையத்தில் நாம் தட்டச்சு செய்வது இது:

./வழி சிங்கப்பெருமாள் கோவில் ஒரகடம்

இரண்டு ஊர்களைத்தான் கொடுத்தோம். ஆனால் நிரலுக்கு மூன்று ஊர்கள் சென்று சேர்கின்றன. சிங்கப்பெருமாளிலிருந்து கோவிலுக்கு வழி தேடி அது தடுமாறுகிறது. ஒரகடம் எதற்கு என்று அதற்கு விளங்கவேயில்லை. இவ்வாறு நேர்வது ஏன் என்பதை அறிந்தால், கட்டளை வரிச் செயலுருபுகள் என்னும் பகுதியின் பெரும்பகுதியை அறிந்தவராவோம்.

உருபும் செயலுருபும்

கணினிக்குக் கட்டளையை ஒரே வரியில் எழுதி இடுவதையே கட்டளை வரி என்கிறோம். வரியின் முதற்சொல் நிரலின் பெயர். அதனைத் தொடர்ந்து வரும் சொற்கள் அந்நிரல் எதன்மீது, எவ்வாறு செயற்பட வேண்டும் என்பதைக் கூறுவன. அவற்றைச் செயலுருபுகள் என்கிறோம். இச்சொல்லைத் தேர்ந்தவர்களுக்கு இலக்கணப் பயிற்சி இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெயர், வினையோடு கொள்ளும் உறவை வேற்றுமை உருபு காட்டுகிறது. ‘சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடத்திற்கு’ என்றாலும், ‘ஒரகடத்திற்குச் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து’ என்றாலும் பொருள் மாறுவதில்லை. உருபு இருப்பதால் சொற்களின் வரிசை நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை.

கட்டளை வரியிலோ அத்தகைய உருபு இல்லை. முதலில் நிற்பது புறப்படும் ஊர், இரண்டாவதாக நிற்பது சேரும் ஊர் என்று இடத்தைக் கொண்டே பொருள் கொள்ள வேண்டும். செயலுருபுகள் ஐந்தாறு ஆகிவிட்டால் எது எங்கே என்பதை நினைவில் கொள்வது கடினம். அதற்காக ஏற்பட்டவையே சிறுகோட்டுடன் தொடங்கும் தேர்வுகள். ‘--இருந்து’, ‘--வரை’ என இரு தேர்வுகளை நம் நிரலில் அமைத்துவிட்டால், ஊர்களை எந்த வரிசையிலும் தரலாம். வேற்றுமை உருபு தமிழில் செய்யும் வேலையைத் தேர்வுகள் கட்டளை வரியில் செய்கின்றன.

சி மொழியில் இவை வந்து சேரும் வாயில் மெயின் செயற்கூறு ஆகும். (நிரலில் இப்பெயர்கள் உரோமன் எழுத்துகளில் எழுதப்படும், இங்கு ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன.)

இன்ட் மெயின்(இன்ட் ஆர்க்சி, சார் *ஆர்க்வி[])

ஆர்க்சி என்பது எண்ணிக்கை. ஆர்க்வி என்பது சுட்டுகளின் அணி. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு சரத்தின் தொடக்கத்தைச் சுட்டுகிறது. ஆர்க்வி[0] வழக்கமாக நிரலின் பெயரையே கொண்டிருக்கும். எனவே ஒரு செயலுருபும் தராதபோதும் ஆர்க்சியின் மதிப்பு 1 ஆகும். இறுதிச் சரத்திற்கு அடுத்த இடமாகிய ஆர்க்வி[ஆர்க்சி] வெற்றுச் சுட்டாக இருக்கும் என்பதும் சி மொழியின் தரவரையறை. சி மொழியும் யுனிக்ஸ் இயக்க அமைப்பும் பெல் ஆய்வகத்தில் ஒன்றாக வளர்ந்தவை. டென்னிஸ் ரிச்சியும் பிரையன் கெர்னிகனும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலில் இப்பகுதிக்குத் தந்த முதல் எடுத்துக்காட்டு, பெற்ற செயலுருபுகளை அப்படியே திருப்பிச் சொல்லும் ‘எக்கோ’ என்னும் எதிரொலி நிரல். நாமும் அதையே செய்து பார்ப்போம். சுழியம் முதல் ஆர்க்சிக்கு முந்தைய எண் வரை ஒரு மடக்கை ஓட்டி, ஒவ்வொரு சரத்தையும் அச்சிட்டால் திரையில் தோன்றுவது:

ஆர்க்வி[0] : ./வழி
ஆர்க்வி[1] : சிங்கப்பெருமாள்
ஆர்க்வி[2] : கோவில்
ஆர்க்வி[3] : ஒரகடம்

ஆர்க்சியின் மதிப்பு 4. நாம் எதிர்பார்த்ததோ 3.

பிரிப்பவர் யார்?

வரியைச் சொற்களாகப் பிரித்தது நம் நிரல் அன்று. முனையத்திற்கும் நிரலுக்கும் இடையில் ‘ஷெல்’ என்னும் கட்டளை பெயர்ப்பி இருக்கிறது. அது வரியைப் படித்து, இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி, துண்டுகளை அணியாக்கி இயக்க அமைப்பிடம் தருகிறது. இயக்க அமைப்பு அந்த அணியை நிரலின் நினைவகத்தில் வைத்த பின்னரே மெயின் தொடங்குகிறது. எனவே நிரலுக்குள் எவ்வளவு திறமையாக எழுதினாலும், முதலில் இருந்தது ஓர் இடைவெளியா, இரண்டு இடைவெளிகளா என்பதை அறிய இயலாது.

நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. எங்கே பிரிப்பது என்பது படிப்பவரின் புலமையைப் பொறுத்தது. ஷெல்லுக்கு அத்தகைய புலமை கிடையாது. ‘சிங்கப்பெருமாள் கோவில்’ ஓர் ஊரின் பெயர் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மேற்கோள் குறிக்குள் இட்டுச் சொல்கிறோம்:

./வழி "சிங்கப்பெருமாள் கோவில்" ஒரகடம்

இப்போது ஆர்க்சி 3. மேற்கோள் குறிகள் ஷெல்லுக்கு இட்ட குறிப்பு மட்டுமே. அவற்றை நீக்கிவிட்டே அது சரத்தை நிரலிடம் தருகிறது. தொடர்வண்டித் துறை இவ்வூர் நிலையத்திற்கு எஸ்கேஎல் என்ற மூன்றெழுத்துக் குறியீட்டைத் தந்துள்ளது. குறியீடுகளில் இடைவெளிக்கு இடமில்லை. ஆகவே இச்சிக்கலும் இல்லை. ஆயினும் மக்கள் ஊரைக் குறியீட்டால் அழைப்பதில்லையே!

உடுக்குறியையும் ஷெல்லே விரிக்கிறது. ‘*’ என்று ஒரு குறியை இட்டால், அக்கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயர்கள் எல்லாம் தனித்தனிச் செயலுருபுகளாக நிரலுக்கு வரும். இவை லினக்ஸ் போன்ற அமைப்புகளுக்கு உரியவை. விண்டோஸ் முழு வரியையும் ஒரே சரமாகத் தருகிறது. அதைப் பிரிக்கும் வேலையை நிரலுடன் இணைக்கப்படும் சி மொழி நூலகம் செய்கிறது. அங்கு மற்றொரு தடையும் உண்டு. வழக்கமான மெயின் செயற்கூற்றுக்கு வரும் சரங்களை விண்டோஸ் பழைய குறியீட்டுத் தொகுதி ஒன்றுக்கு மாற்றித் தரும். தமிழுக்கு அத்தகைய தொகுதி இல்லாமையால், சிறப்பு ஏற்பாடு செய்யாவிடில் தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும். 2011 முதல் நம் மாநில மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயக்க அமைப்பு அது. வீட்டில் அத்தகைய மடிக்கணினி இருப்பின், தமிழ்ச் செயலுருபுகளை அதில் ஆராய்வது எளிது.

கேட்டுப் பெறுவதா, முன்னரே தருவதா?

‘ஊரின் பெயரைத் தருக’ என்று திரையில் அச்சிட்டு, ஸ்கேன்எஃப் கொண்டு பெற்றுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பறைப் பயிற்சிக்கு அது போதும். தொழிற்சாலையின் நிலை வேறு. மின்சுற்றுப் பலகையைச் சோதிக்கும் நிரல் ஒன்று உற்பத்தி வரிசையில் பத்து இடங்களில் ஓடுவதாகக் கொள்வோம். எந்திர எண், தொகுதி எண், சோதனை அளவு ஆகியன மட்டுமே இடத்திற்கு இடம் வேறுபடும். இரவு இரண்டு மணிக்கு அந்நிரலைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் மற்றொரு நிரலே. கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும் நிரலுக்கு விடை தட்டச்சு செய்ய அங்கே ஆள் இல்லை, வரிசை நின்றுவிடும். வேண்டியவற்றை எல்லாம் தொடங்கும்போதே தந்துவிட்டால், ஒரே நிரல் பத்து இடங்களிலும் பத்து விதமாகப் பணியாற்றும். நிரலை மீண்டும் பெயர்க்க வேண்டியதில்லை.

எட்டு எழுத்தா, நாற்பத்தைந்து பைட்டா?

மேற்கோள் குறி இட்டதும் சிக்கல் தீர்ந்தது என்று எண்ண வேண்டா. ‘சிங்கப்பெருமாள்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? சி, ங், க, ப், பெ, ரு, மா, ள் என எட்டு. தமிழ் படிக்கும் எவரும் இதையே சொல்வர். ஆனால் நீளத்தைக் கணக்கிடும் ஸ்டர்லென் செயற்கூறு தரும் விடை 45.

இதன் காரணத்தைப் பார்ப்போம். யூனிகோடு முறையில் உயிர்மெய் எழுத்து ஒரே குறியாக அமைவதில்லை. ‘சி’ என்பது ‘ச’ என்னும் அடிப்படைக் குறியும் இகரத் துணைக்குறியும் சேர்ந்தது. புள்ளி பெற்ற மெய்யும் அவ்வாறே இரு குறிகளால் ஆனது. இவ்வாறு எண்ணினால் எட்டு எழுத்துகளுக்குப் பதினைந்து குறிகள் வரும். யுடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். 15 × 3 = 45. ஆர்க்வி[1][0] என்பது ‘சி’ அன்று; ‘ச’வும் அன்று. ‘ச’வைக் குறிக்கும் 224, 174, 154 என்னும் மூன்று எண்களில் முதல் எண் மட்டுமே.

இப்போது முழுப்பெயரையும் கணக்கிடுவோம். ‘கோவில்’ ஆறு குறிகள், 18 பைட்டுகள். இடையில் உள்ள வெற்றிடம் ஒரு பைட்டு. 45 + 1 + 18 = 64. உரோமன் எழுத்துகளில் இப்பெயர் பதினேழு இடங்களுக்குள் அடங்கிவிடும். அதை மனத்தில் கொண்ட ஒருவர், ‘எந்த ஊர்ப்பெயர்தான் இதைத் தாண்டப் போகிறது?’ என்று எண்ணித் தாராளமாக 64 பைட்டு கொண்ட அணி ஒன்றை அறிவித்து, ஸ்டர்காப்பி கொண்டு ஆர்க்வி[1]ஐ அதில் படியெடுக்கிறார். சரம் சரியாக 64 இடங்களையும் நிரப்புகிறது. சரத்தின் முடிவைக் காட்டும் வெற்றுக்குறிக்கு இடமில்லை. அது 65ஆம் இடத்தில், அதாவது அணிக்கு வெளியே எழுதப்படுகிறது. அவ்விடத்தில் வேறொரு மாறி இருக்கலாம்; ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஒரகடம், தாம்பரம், செங்கல்பட்டு என்று சோதித்தபோதெல்லாம் நிரல் பிழையின்றி ஓடும். சிங்கப்பெருமாள் கோவில் வந்தால் மட்டும் பக்கத்து மாறி ஒன்றின் மதிப்பு காரணமின்றி மாறும். இத்தகைய பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

அளவுக்குள் நிறுத்தும் எஸ்என்பிரிண்ட்எஃப் செயற்கூற்றைப் பயன்படுத்தினால் நினைவகம் கெடாது. ஆனால் 63 பைட்டோடு வெட்டப்படுவதால் இறுதிப் புள்ளியின் மூன்று பைட்டுகளில் ஒன்று போய்விடும். ‘கோவில்’ புள்ளியிழந்து ‘கோவில’ ஆகி, அதன்பின் ஒரு சிதைந்த குறி நிற்கும். ஸ்டர்லென் தரும் அளவுடன் ஒன்றைக் கூட்டி அவ்வளவு இடத்தைக் கேட்டுப்பெறுவதே முறை. அதனினும் எளிது, படியெடுக்காமலே இருப்பது. நிரல் முடியும் வரை ஆர்க்வி சுட்டும் சரங்கள் அழிவதில்லை; படிப்பதற்கு மட்டும் எனில் அந்தச் சுட்டே போதும்.

ஒன்றுபோல் தோன்றும் வேறுகள்

பெற்ற ஊர்ப்பெயரைப் பட்டியலில் உள்ள பெயருடன் ஒப்பிட ஸ்டர்கம்ப் பயன்படுகிறது. அது பைட்டு பைட்டாகவே ஒப்பிடும். கோ + இல் என்பது வகர உடம்படுமெய் பெற்றுக் கோவில் ஆவது இலக்கண விதி. கோயில் என்பதும் வழக்கில் நிலைத்துவிட்டது. இவ்வூர்ப் பெயரையும் இருவகையாக எழுதுவோர் உளர். நமக்கு ஒன்று, ஸ்டர்கம்ப்புக்கு இரண்டு.

இதனினும் நுட்பமானது ஸ்ரீபெரும்புதூர். முதலில் உள்ள ‘ஸ்ரீ’யைக் கணினியில் இருவகையாக உள்ளிடலாம். ஸகரத்தை அடியாகக் கொண்டது ஒன்று. யூனிகோடில் 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தை அடியாகக் கொண்டது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றும். கண்ணால் வேறுபாடு காண இயலாது. நிரலோ ‘அவ்வூர் பட்டியலில் இல்லை’ என்னும். ‘கோ’வின் துணைக்குறியையும் ஒரே குறியாகவோ, இரட்டைக்கொம்பு கால் எனப் பிரித்து இரு குறிகளாகவோ உள்ளிட இயலும். தமிழ்ச் செயலுருபுகளைப் பெறும் நிரல், ஒப்பிடும் முன் இவற்றை ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்வது இன்றியமையாதது.

எண்கள்

செயலுருபுகள் அனைத்தும் சரங்களே. 3 என்று தட்டினாலும் நிரலுக்கு வருவது ‘3’ என்னும் எழுத்து. அதனை எண்ணாக மாற்ற ஏடோஐ என்னும் செயற்கூற்றைப் பலரும் பயன்படுத்துவர். அதற்கு ஒரு குறை உண்டு. ‘மூன்று’ என்று தந்தாலும், ‘௩’ என்று தமிழ் எண்ணாகத் தந்தாலும் முறையீடு இன்றிச் சுழியத்தைத் தரும். உண்மையாகவே 0 தரப்பட்டதா, தவறாகத் தரப்பட்டதா என்று அறிய வழியில்லை. ஸ்டர்டோல் செயற்கூறு, எந்த இடம் வரை எண்ணாகப் படித்தது என்பதையும் ஒரு சுட்டின் வழியே தெரிவிக்கும். அச்சுட்டு சரத்தின் இறுதியில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அடிமானம் 10 என்பதை வெளிப்படையாகத் தர வேண்டும். 0 என்று தந்துவிட்டால், ‘010’ என்னும் தொகுதி எண்ணை எண்மக் கணக்கில் கொண்டு 8 என்று படித்துவிடும். பத்தாம் தொகுதியின் சோதனை எட்டாம் தொகுதியின் கணக்கில் சேரும்.

ஆர்க்சி சுழியமானால்?

நிரலின் பெயரேனும் இருப்பதால் ஆர்க்சி குறைந்தது 1 என்று முன்னர்க் கண்டோம். ‘வழக்கமாக’ என்று அங்கே ஒரு சொல் இட்டிருந்ததை நினைவுகூர்க. சி மொழியின் தரவரையறை, ஆர்க்சி எதிர்மமாக இராது என்று மட்டுமே உறுதி தருகிறது. ஷெல்லைத் தவிர்த்து, மற்றொரு நிரலின் வழியே வெற்று அணியைக் கொடுத்து ஒரு நிரலைத் தொடங்கினால் ஆர்க்சி சுழியம் ஆகலாம்.

லினக்ஸ் கணினிகள் பலவற்றில் பிகே-எக்செக் என்னும் நிரல் உண்டு. சாதாரணப் பயனர் ஒருவர் மேலாளரின் உரிமையுடன் ஒரு கட்டளையை இயக்க உதவுவது அது. அதன் மடக்கு, செயலுருபுகளை 1ஆம் இடத்திலிருந்து படிக்கத் தொடங்கியது. ஆர்க்சி சுழியமானபோது மடக்கு ஒருமுறையும் ஓடவில்லை. ஆயினும் எண்ணி 1 என்றே நின்றது. அடுத்த கூற்று ஆர்க்வி[1]ஐப் படித்தது. அப்படியோர் உறுப்பே இல்லை. நினைவகத்தில் செயலுருபுகளின் அணியை அடுத்து இருப்பது சூழல் மாறிகளின் அணி. எனவே நிரல் படித்ததும், பின்னர்த் திருத்தி எழுதியதும் ஒரு சூழல் மாறியையே. அதனைப் பயன்படுத்திச் சாதாரணப் பயனர் எவரும் கடவுச்சொல் இன்றியே மேலாளராகிவிட முடிந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதம் எழுதப்பட்ட இக்குறையைக் குவாலிஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அது யாவரும் படிக்கக்கூடிய மூலநிரலில் திறந்தே கிடந்தது. இதன்பின் லினக்ஸ் கருவகத்திலேயே ஒரு மாற்றம் செய்யப்பட்டது. வெற்று அணி தரப்பட்டால், கருவகம் வெற்றுச் சரம் ஒன்றை அதில் வைத்து ஆர்க்சியை 1 ஆக்கிவிடும். 5.18ஆம் பதிப்பிலிருந்து இது நடைமுறையில் உள்ளது.

நம் ‘வழி’ நிரலிலும் முதற்கூற்று, ஆர்க்சி 3க்குச் சமமா என்னும் சோதனையாகவே இருக்கட்டும். சமமில்லையெனில் நிரலைப் பயன்படுத்தும் முறையை ஒரு வரியில் அச்சிட்டு வெளியேற வேண்டும். அவ்வரியில் ‘பெயரில் இடைவெளி இருப்பின் மேற்கோள் குறி இடுக’ என்பதையும் சேர்த்தால், முதலில் கண்ட தடுமாற்றம் பயனருக்கு உடனே விளங்கும். அச்செய்தியை வழக்கமான வெளியீட்டில் இடாமல் பிழை வெளியீட்டில் இட வேண்டும். மெயின் திருப்பியனுப்பும் மதிப்பும் 0 ஆக இருத்தல் ஆகாது. இரவு இரண்டு மணிக்கு அதைத் தொடங்கி வைத்த மற்றொரு நிரல் திரையைப் படிப்பதில்லை. அம்மதிப்பை மட்டுமே பார்க்கும்.